கத்திரி வெயில்ல ஒரு ட்ரோன், அஞ்சு நாள் – தர்மபுரி, பென்னாகரம், அஞ்செட்டி பயணக் குறிப்பு

நாள் 1 – ஓசூர் டூ தர்மபுரி

காலைல ஆறு மணிக்கு ஓசூர்ல வண்டிய எடுக்கும்போது காத்து ஜில்லுனு தான் இருந்துச்சு, ராயக்கோட்டை தாண்டி பாலக்கோடு வர்றதுக்குள்ள ஹேண்டில்பார்ல கை வெக்க முடியல. ஓசூர் மேட்டுல இருக்கற ஊரு, தர்மபுரி அதுல பாதி உயரம் தான், அந்த எறக்கத்துல வெயில் எவ்ளோ ஏறுதுன்னு பைக்ல வர்றவனுக்கு தான் தெரியும். மாந்தோப்பு பூரா பிஞ்சு உதிர்ந்து கெடக்குது, எடுத்துப் பாத்தா காம்பு கிட்ட கருகியிருக்கு.

எதுக்கு இந்த வெயில்ல கெளம்புனேன்னா, எங்க அத்தை பையன் ட்ரோன் பைலட், மாப்ளன்னு தான் கூப்புடுவேன். லைசன்ஸ் எடுத்து வயலுக்கு மருந்து அடிச்சுட்டு இருந்தவன், இப்ப வெப்பத்த பாக்கற தெர்மல் கேமரா வெச்ச சின்ன ட்ரோன் ஒண்ணு வாங்கியிருக்கான். பென்னாகரம் பக்கம் காட்டுத்தீ சீசன்ல அத பறக்கவிட்டு காட்டச் சொல்லி கேட்டிருக்காங்க, எழுத்துல அனுமதியும் வாங்கியாச்சு. கூட ஒரு ஆள் வேணும், பேட்டரி தூக்க, ஸ்க்ரீனுக்கு நெழல் புடிக்க. லீவ் போட்டுட்டு நான் போறேன்.

மத்தியானம் அத்தை வீட்டுல களியும் அவரைக்கொட்டை கொழம்பும். சாப்பிட்டுட்டு திண்ணைல உக்காந்தா போன்ல 41 டிகிரி. வானிலை துறை கணக்குல சமவெளில 40 டிகிரி தொடணும், அதோட அந்த ஊரோட வழக்கமான வெயில விட 4.5 டிகிரியாச்சும் ஏறியிருக்கணும், இல்லன்னா நேரா 45 டிகிரி தொடணும், அப்பத்தான் வெப்ப அலைன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல வழக்கமான வெயிலே உச்சத்துல இருக்கறதால இவ்ளோ காஞ்சாலும் பேப்பர்ல வெப்ப அலைன்னு வராம போயிடுது. அதுக்காக உடம்புக்கு தெரியாம இருக்குமா? 2024 ஏப்ரல், மே மாசத்துல பட்ட பாட்டுக்கு அப்புறம் அந்த வருஷம் அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, வெயில்ல செத்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். எனக்கு அது பெரிய விஷயம். வெயிலுக்கு செத்தா அது விதி இல்ல, பேரிடர்னு ஒரு அரசாங்கம் எழுதி வெச்சிருக்குல்ல.

ராத்திரி மொட்டை மாடில பாய் போட்டு படுத்தோம். வத்தல்மலை பக்கம் ஒரு கோடு செகப்பா நெளிஞ்சு நெளிஞ்சு தெரிஞ்சுது. சின்ன வயசுல இத பாத்து மாரியம்மன் திருவிழா சீரியல் செட் மாதிரி அழகா இருக்குன்னு சொல்லிட்டு தூங்கிருவோம், அங்க யாரோ நின்னு அணைச்சுகிட்டு இருப்பாங்கன்னு ஒருநாளும் தோணுனது இல்ல. 2018 மார்ச் 11 குரங்கணிக்கு அப்புறம் தான் எனக்கு அந்த செகப்புக் கோட பாத்தா தூக்கம் வர்றதில்ல. மலையேறப் போன புள்ளைங்க, இருவதுக்கும் மேல, சரிவுல ஏறி வந்த தீல மாட்டிகிட்டாங்க. தீ மேட்டுல ஏறும்போது தான் வேகம், சரிவு பத்து டிகிரி கூடுனா தீயோட வேகம் ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு உண்டு. மேல ஓடித் தப்பிக்கலாம்னு நெனைக்கறவன தீ முந்திரும்.

நாள் 2 – பென்னாகரம், அப்புறம் ஒகேனக்கல்

பென்னாகரத்துக்கு மேற்கால ஒரு ஊரு, பேர் வேணாம். காட்டு ஓரத்துல ஒரு ஷெட், அங்க தான் ஃபயர் வாட்ச்சருங்க பன்னெண்டு பேர். பிப்ரவரில இருந்து மழை வர்ற வரைக்கும் அவங்களுக்கு தூக்கமே கெடையாது. எல்லாரும் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க தான். அதுல பெரியவர் ஒருத்தர், அறுவது வயசு இருக்கும், எங்கள பாத்ததும் "வா கண்ணு, கூழு குடி மொதல்ல"ன்னாரு. எல்லாரும் அவர அய்யான்னு தான் கூப்புடறாங்க, நாங்களும் அப்படியே கூப்ட்டோம்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு டெமோ வெச்சோம், அது எங்க தப்பு. ட்ரோன பாறை மேல வெச்சு ஆன் பண்ணுனா பேட்டரி சூடு அதிகம்னு எச்சரிக்கை, டேக் ஆஃப் ஆக மாட்டேங்குது. இந்த மாதிரி சின்ன ட்ரோன் நெறைய 40 டிகிரி வரைக்கும் தான் தாங்கும். ஈரத் துண்ட சுத்தி, வேப்ப மர நெழல்ல அரை மணி நேரம் வெச்சு, ஒருவழியா ஏத்துனோம். ஸ்க்ரீன பாத்தா மாப்ளைக்கு மூஞ்சி தொங்கிருச்சு, பாறை பூரா வெள்ளை வெள்ளையா எரியற மாதிரி தெரியுது. வெயில்ல காஞ்ச பாறைக்கும் புகைஞ்சுகிட்டு இருக்கற கட்டைக்கும் வித்தியாசமே தெரியல. எந்த நேரத்துல காடு எரியறதுக்கு தயாரா இருக்கோ அந்த நேரத்துல தான் இந்த கேமராவுக்கு கண்ணு கூசுது. "பொழுது சாய்ஞ்சப்புறம் வாங்க கண்ணு, கல்லு ஆறணும்ல"ன்னாரு அய்யா.

அந்த நேரத்துல ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் போன்ல எஸ்.எம்.எஸ் காட்டுனாரு. டேராடூன்ல இருக்கற இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பறது, எங்கயாச்சும் தீ தெரிஞ்சா செயற்கைக்கோள் பாத்து எடத்தோட அட்ச ரேகை, தீர்க்க ரேகை எல்லாம் போட்டு வருது. ரொம்ப நல்ல ஏற்பாடு, முன்னாடி எல்லாம் ஊர்ல யாராவது ஓடிவந்து சொன்னா தான் உண்டு. ஆனா அந்த செயற்கைக்கோள் கண்ணுல ஒரு புள்ளின்னா 375 மீட்டருக்கு 375 மீட்டர். நான் கணக்கு போட்டு பாத்தேன், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அந்த 35 ஏக்கர் மலைல தீ எந்த ஓடைல, எந்த சரிவுலன்னு கால்நடையா தேடணும். அதுவும் அது நம்ம தலைக்கு மேல தாண்டறது பகல்ல ஒன்றரை மணி வாக்குல, ராத்திரி ஒன்றரை மணி வாக்குல. சாயங்காலம் மூணு மணிக்கு ஒருத்தன் பீடிய போட்டுட்டு போனா அதுக்கு தெரியறது நடுராத்திரி தாண்டித்தான். இந்த நடுவுல இருக்கற நேரத்துக்கும், இந்த 35 ஏக்கருக்கும் தான் ட்ரோன்.

வாட்ச்சர் பையன் ஒருத்தன் கேட்டான், "அண்ணா, மருந்து அடிக்கற ட்ரோன்ல தண்ணி ஊத்தி அணைச்சிரலாம்ல?" மாப்ள மழுப்பாம பதில் சொன்னான். மருந்து அடிக்கற ட்ரோன்ல டேங்க் 10 லிட்டர். நம்ம வீட்டு பிளாஸ்டிக் கொடத்துல கூட அத விட ஜாஸ்தி புடிக்கும். அத தூக்கிட்டு பறந்தா பத்து பதினஞ்சு நிமிஷத்துல பேட்டரி காலி. 2019 பிப்ரவரில பந்திப்பூர் எரிஞ்சப்ப விமானப்படை ஹெலிகாப்டர்ல பெரிய வாளி கட்டி ஏரித் தண்ணிய மொண்டு ஊத்துனாங்க, 2024 மார்ச்ல குன்னூர்லயும் அப்படித்தான், ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர். பேப்பர்ல ட்ரோன் தீய அணைக்குதுன்னு படம் போட்டு வந்தா நம்பிரக்கூடாது, நம்ம காட்டுல அது அணைக்காது, காட்டும். அணைக்கறது இந்த பன்னெண்டு பேரு தான்.

சாயங்காலம் ஒகேனக்கல் போனோம். தண்ணி கொறைவு, பாறைங்க எலும்பு மாதிரி துருத்திகிட்டு நிக்குது, பரிசல்காரங்க சும்மா உக்காந்திருக்காங்க. ஒகேனக்கல்னா கன்னடத்துல புகையுற கல்லு, அருவித் தண்ணி சிதறி புகை மாதிரி எழும்பறதால வந்த பேரு. மீன் வறுத்து குடுத்த அக்கா கிட்ட புகை எங்கக்கா காணோம்னு கேட்டேன். கரண்டியால அக்கரை மலைய காட்டுனாங்க. கர்நாடகா பக்கம், நீலமா ஒரு புகை மேல போய்கிட்டு இருந்துச்சு. நான் பேசாம மீன சாப்பிட்டேன்.

நாள் 3 – அந்த ராத்திரி

பகல் பூரா தூங்குனோம், எழுத ஒண்ணுமில்ல. ஏழரை மணிக்கு ஷெட்டுக்கு போன் வந்துச்சு, காடு எரியுது, கரடு மேல, ஊருக்கு ரெண்டு கிலோமீட்டர்.

அவங்க கெளம்புன வேகத்த சொல்லணும். ஆளுக்கு ஒரு அருவா, ஒரு தண்ணி பாட்டில், டார்ச். ரெண்டு பேர் முதுகுல சருகு ஊதற மிஷின். அவ்ளோ தான். போற வழியில பச்சைத் தழை ஒடிச்சுகிட்டாங்க, தீய அடிச்சு அணைக்கறதுக்கு அது தான் ஆயுதம். அய்யா கால்ல ரப்பர் செருப்பு.

எட்டு பத்துக்கு ட்ரோன் மேல போச்சு. நெலம் இன்னும் சூடா இருந்தாலும் தீ தனியா பளிச்சுனு தெரிஞ்சுது, ஒரு வளைஞ்ச கோடு, பாதி அருவா வடிவத்துல. கண்ணால பாத்தா வெறும் புகை, கேமரால புகைக்கு அந்தப் பக்கம் கோடு எங்க முடியுதுன்னு தெரியுது. கெழக்கு முனை உண்ணிச்செடி புதருக்கு இன்னும் நூறு மீட்டர். உண்ணிச்செடி காஞ்சு கெடந்தா தீக்கு ஏணி மாதிரி, தரைல போற தீய தூக்கி மரத்து மேல ஏத்தி விட்ரும். மாப்ள வாக்கி டாக்கில சொல்ல சொல்ல, கார்டு ஆறு பேர அந்தப் பக்கம் திருப்பி விட்டாரு. அவங்க சருக ஒதுக்கி வெறும் மண்ணா ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கமா தாங்களே தீய வெச்சாங்க, எதிர்த் தீ. ரெண்டு தீயும் ஒண்ணுக்கொண்ணு நேரா வந்து, சேர்ந்த எடத்துல எரிய ஒண்ணுமில்லாம படுத்துருச்சு. நான் முதல் தடவை பாக்கறேன். அமெரிக்காவுல இதுக்கும் ட்ரோன் வெச்சிருக்காங்க, பொட்டாசியம் பெர்மாங்கனேட் நெரப்புன சின்ன உருண்டைல கிளைக்கால்ங்கற திரவத்த ஏத்தி கீழ போட்டா கொஞ்ச நேரத்துல தானா பத்திக்கும். கீழ நின்ன அய்யா தீக்குச்சியால தான் பத்த வெச்சாரு, அதுக்கு முன்னாடி ஒரு புடி மண்ண அள்ளி விட்டு காத்து எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை பாத்துகிட்டாரு.

நடுவுல ஒரு சங்கடம். ஊர்ப் பையன் ஒருத்தன் கல்யாண வீடியோ எடுக்கற ட்ரோன ஏத்திட்டான், பச்சை லைட்டு எங்க ட்ரோனுக்கு பக்கத்துலயே சுத்துது. மாப்ள கத்துன கத்துல அவன் பயந்து எறக்கிட்டான். அப்புறம் அவன பக்கத்துல உக்கார வெச்சு பொறுமையா சொன்னான், 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் எரிஞ்சப்ப இதே மாதிரி ஒருத்தர் வேடிக்கை பாக்க விட்ட ட்ரோன், தண்ணி கொட்டிகிட்டு இருந்த விமானத்து மேல மோதி, எறக்கைல ஓட்டை விழுந்து, அந்த விமானம் பறக்க முடியாம நின்னுச்சுன்னு. பையன் கேட்டுட்டு கடைசி வரைக்கும் எங்க கூடவே இருந்தான், பேட்டரி மாத்தறதுக்கு டார்ச் புடிச்சது அவன் தான்.

பதினொன்றரைக்கு தீ அடங்குச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன், ஆனா ட்ரோன் வேலை அப்பத்தான் ஆரம்பிக்குது. தீ அணைஞ்ச காட்டுல கட்டைக்குள்ள கங்கு கனிஞ்சுகிட்டே கெடக்கும், மறுநாள் பதினோரு மணி வெயிலுக்கும் காத்துக்கும் அது திரும்ப எந்திரிச்சுக்கும். அத கால்நடையா தேடுனா விடிஞ்சுரும். மேல இருந்து பாத்தா கருப்பு நெலத்துல வெள்ளப் புள்ளிங்க.

ஒரு மணி இருக்கும். மேட்டு ஓரத்துல ஏழெட்டு புள்ளி ஒண்ணா தெரிஞ்சுது. மாப்ள அங்க கங்கு ஜாஸ்தி, ஆள் போகணும்னான். அய்யா ஸ்க்ரீன் கிட்ட குனிஞ்சு பாத்தாரு. "தீ இல்ல கண்ணு, அது பட்டி. மாடு படுத்திருக்குது." அந்த எடத்துல மாட்டுப்பட்டி போடறது அவருக்கு தெரியும். மாப்ள கொஞ்சம் கீழ எறக்கிப் பாத்தான், ஒரு புள்ளி எந்திரிச்சு நடந்துச்சு. ஆலம்பாடி மாடுங்க. ஒரு கிலோமீட்டர் வீண் நடை மிச்சம்.

அப்புறம் ஓடைப் பக்கம் ஒரே ஒரு நீளக் கோடு. அங்க ஒண்ணும் இல்ல, நானே மிதிச்சு அணைச்சேன்னு அய்யா அடிச்சு சொன்னாரு. சரி, பாத்துட்டே வந்துருவோம்னு நாங்க மூணு பேரும் போனோம். விழுந்து கெடந்த பெரிய மரம், இருவத்தஞ்சு அடி இருக்கும், வெளிய பாத்தா சாம்பல் பூத்து அமைதியா கெடக்குது, புகை கூட இல்ல. அய்யா பொறங்கைய கிட்ட கொண்டு போயி படக்குனு இழுத்துகிட்டாரு. அருவாளால ஒரு கொத்து கொத்துனா உள்ள பூரா செக்கச் செவேல்னு, அடுப்புல ஊதுன மாதிரி. அத பொளந்து, மண்ணப் போட்டு, மூணு பாட்டில் தண்ணி ஊத்தி அணைக்க ஒரு மணி நேரம். அவரு என் தோள்ல தட்டி, "நல்ல கண்ணுடா உங்க பூச்சிக்கு"ன்னாரு. அந்த சிரிப்ப நான் மறக்க மாட்டேன், தன் பேச்சு பொய்யாப் போனதுக்கு ஒரு மனுஷன் அவ்ளோ சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல.

திரும்பி வரும்போது ஒரு பக்கமா சாய்ஞ்சு நடந்தாரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். செருப்போட வெளி ஓரம் உருகி, சுருண்டு, குதிகால்ல ஒட்டியிருக்கு.

நாள் 4 – பென்னாகரம்

அய்யாவுக்கு குதிகால்ல கொப்புளம். மருந்து போட்டுட்டு ஷெட்லயே உக்காந்துட்டாரு, வீட்டுக்கு போகச் சொன்னா கேக்கல.

பகல்ல எரிஞ்ச எடத்த நடந்து பாத்தோம். சாம்பல் கால்ல மாவு மாதிரி. நத்தை ஓடுங்க வெள்ளையா, தொட்டா பொடியுது. நேத்து ராத்திரி ஒதுக்குன மண் கோட்டுக்கு இந்தப் பக்கம் சருகு அப்படியே இருக்கு, அந்தப் பக்கம் கருப்பு, நடுவுல மூணு அடி.

கார்டு கிட்ட அந்த எஸ்.எம்.எஸ் வந்துச்சான்னு கேட்டேன். வரல. செயற்கைக்கோள் ஒன்றரை மணிக்கு தாண்டறதுக்கு முன்னாடியே தீ படுத்துருச்சு, அதனால அந்த கணக்குல இந்த தீயே இல்ல. நான் ரொம்ப நேரம் இதயே யோசிச்சுகிட்டு இருந்தேன். இத்தன இடத்துல தீன்னு வருஷா வருஷம் வர்ற எண்ணிக்கைல, இவங்க சீக்கிரம் போயி அணைச்சது எதுவும் சேர்றது இல்ல. எவ்ளோ நல்லா வேலை செய்யறாங்களோ அவ்ளோ கண்ணுக்கு தெரியாம போயிடறாங்க. மாப்ள ஒவ்வொரு பறப்பையும் மெமரி கார்டுல தேதி போட்டு எடுத்து வெச்சிருக்கான், அத காப்பி எடுத்து ஷெட்ல குடுத்தோம். ட்ரோனால ஆன வேலைல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது இது.

தீ எப்படி புடிச்சுதுன்னும் தெரிஞ்சுது. கரட்டடி நெலத்துக்காரரு வரப்பு முள்ளுக்கு தீ வெச்சிருக்காரு, காத்து தூக்கிட்டு போயிருச்சு. அவரே வந்து ஒத்துகிட்டாரு, அழுதாரு. காத்தால வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, மத்தியானம் வெச்சிட்டாரு. 41 டிகிரில, காத்துல ஈரமே இல்லாதப்ப, சருகு பெட்ரோல் மாதிரி.

நாள் 5 – நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்

திரும்பி வர்றதுக்கு காட்டு வழி. ஒகேனக்கல்ல இருந்து நாட்றாம்பாளையம், அஞ்செட்டி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காஞ்ச மூங்கில், உண்ணிச்செடி, எலை உதுத்த மரம், ஒரு பொறி போதும். இந்தப் பக்கம் தான் காவிரி தெற்கு சரணாலயம், 2022ல அறிவிச்சது, 686 சதுர கிலோமீட்டர். வெளிநாட்டுல ஒரு போட்டி, எக்ஸ்பிரைஸ்னு, 2023ல அறிவிச்சாங்க, பரிசு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதுல ஒரு பிரிவு, 1000 சதுர கிலோமீட்டருக்குள்ள எங்க தீ புடிச்சாலும் மனுஷன் கை வெக்காம பத்து நிமிஷத்துல கண்டுபுடிச்சு அணைக்கணும். இந்த சரணாலயத்த விட பெரிய பரப்பு! முடிஞ்சா சந்தோஷம், நான் மனசார வேண்டிக்கறேன். ஆனா அது நம்ம அஞ்செட்டிக்கு வந்து சேர எத்தன கோடை ஆகும்? அது வரைக்கும் ஒரு ஃபாரஸ்ட் ரேஞ்சுக்கு ஒரு தெர்மல் ட்ரோன், நாலு பேட்டரி, ஓட்டத் தெரிஞ்ச உள்ளூர்ப் பையன் ரெண்டு பேரு, இது நடக்கக்கூடிய காரியம். அந்த கல்யாண வீடியோ பையன நான் மனசுல வெச்சிருக்கேன், லைசன்ஸுக்கு எங்க படிக்கணும்னு மாப்ள நம்பர் வாங்கி வெச்சிருக்கான்.

அஞ்செட்டில டீ குடிச்சோம். ஆடு மேய்ச்சுகிட்டு வந்த ஒரு அம்மா, பெட்டில என்னன்னு கேட்டாங்க. சொன்னதும், "ஆனை வர்றதும் தெரியுமா அதுல?"ன்னாங்க. தெரியும்னு மாப்ள சொன்னான், வெயில் ஆறுன நேரத்துல நல்லாவே தெரியும். "அப்ப இங்கயும் ஒண்ணு வெக்கச் சொல்லுங்க சாமி, காத்தால தண்ணிக்கு போகவே பயமா இருக்குது." தீக்கு வாங்குன கண்ணு வருஷம் பூரா வேலை செய்யும்னு எங்களுக்கு தோணாதத அவங்க ஒரு நிமிஷத்துல கேட்டுட்டாங்க.

தேன்கனிக்கோட்டை மேடு ஏறுனதும் காத்து மாறிச்சு. ஓசூர்ல மாப்ளைய பஸ் ஏத்தி விட்டுட்டு ஷூ கடைக்கு போனேன். பன்னெண்டு பேருக்கும் தோல் ஷூ, கணுக்கால் வரைக்கும், அடில நல்ல பல்லு வெச்சது. நைலான், ரப்பர் வேணாம், உருகும். நாங்க ஃபேக்டரில போடற, முன்னாடி இரும்பு வெச்ச ஷூவும் வேணாம், மலையேற கனம், சூடும் புடிக்கும். ஆபீஸ்ல நண்பருங்க கொஞ்சம் பணம் போட்டாங்க, மீதி நானும் மாப்ளயும்.

பதினோரு பேரோட சைஸ் பேப்பர்ல எழுதி வாங்கியிருந்தேன். அய்யாவுக்கு மட்டும் நம்பர் இல்ல, அவரு ஷூ போட்டதே இல்லையாம். நேத்து கெளம்பும்போது கயித்துக் கட்டில்ல இருந்து ஒரு பிரி கயிறு அறுத்து, நல்லா இருந்த காலுக்கு அடில வெச்சு, கட்டை வெரல் கிட்ட ஒரு முடிச்சு போட்டு குடுத்தாரு. அத பாக்கெட்ல இருந்து எடுத்து கடைக்காரர் கிட்ட நீட்டுனேன். அவரு ஒண்ணும் கேக்கல, ஷூவுக்குள்ள விட்டு முடிச்சு எங்க வருதுன்னு பாத்தாரு, இன்னொரு ஷூ எடுத்தாரு, திரும்பவும் விட்டுப் பாத்தாரு. "எட்டு"ன்னாரு.